தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

அப்பா தறியில் இருக்கும்வரை என் அண்ணன்கள் இருவரும் பரம சாதுக்கள். அவர் பட்டுநூல் வாங்கக் கடைத்தெருப் பக்கம் கிளம்பினால் போதும், வீடு அவர்கள் ராஜ்யம். அந்த ராஜ்யத்தின் ஒரே பிரஜை நான். எனக்கு ஆறேழு வயது இருக்கும்.

மாட்டுக்குத் தவிடு விற்கிற அம்மாள் ஓரிக்கையிலிருந்து கூடையோடு எங்கள் பிள்ளையார்பாளையத் தெருவில் நுழைந்ததும் பெரியவன் குரல் கொடுப்பான்.

“உன்னப் பெத்தவ வந்துக்கினு இருக்கா பாரு! அவகிட்டதானே உன்னத் தவிட்டுக்கு வாங்கினோம்.”

“வேணாம்னா திருப்பிக் குடுத்துடலாம்பா” என்பான் சின்னவன்.

முதலில் கடித்தேன், பிறாண்டினேன். தெருப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு “தவிடு, தவிடு” என்று கூப்பிட ஆரம்பித்ததும் நம்பிவிட்டேன். நம்பிய பிறகு சண்டை போடவே தோன்றவில்லை. குடத்துத் தண்ணீரில் என் மூக்கைப் பார்த்து, அது அம்மா மூக்குதானா என்று தடவிப் பார்ப்பேன். ராத்திரி அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூக்கம். எல்லாவற்றையும்விட மோசம், இரண்டாம் தரம் சோறு கேட்பதை நிறுத்தியதுதான். வாங்கி வந்த பிள்ளை அதிகம் தின்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்களே! அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கஷாயத்துக்கு அடங்குகிற நோயா அது?

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. அவர்கள் கொடுப்பதற்குள் நானே போய்விடலாம் என்று மாற்றுப் பாவாடையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, வாசலில் தவிடு அளந்துகொண்டிருந்த அந்த அம்மாள் பக்கத்தில் போய் நின்றேன்.

“வாம்மா, நம்ம வீட்டுக்குப் போலாம்.”

அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். அண்ணன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா சத்தம் கேட்டு ஓடிவந்தாள். விம்மி விம்மி எல்லாவற்றையும் சொல்லி, “நெசமாம்மா?” என்றேன்.

“நெசந்தான்” என்றாள் அம்மா. எனக்கு உயிரே போய்விட்டது.

“இவனுங்களுக்கு அப்புறம் ரெண்டு பொண்ணுங்க பொறந்து தங்கல. நீயாவது எனக்கு நிக்கணும்னு, பொறந்ததும் உன்ன முறத்துல போட்டு இந்த அக்காகிட்ட தவிட்டுக்கு வித்தேன். அதே தவிட்டக் குடுத்து சாயங்காலம் திரும்ப வாங்கிக்கினேன். தவிட்டுக்கு வாங்கின புள்ளைய எமன் சீந்த மாட்டானாம்.”

“எங்க சாயங்காலம்?” என்று சிரித்தாள் அந்த அம்மாள். “நான் முறத்தக் கீழ வைக்கறதுக்குள்ள அழுது புடுங்கிக்கினியே!”

சின்னவன் மெதுவாகக் கிட்டே வந்து, “எங்களையும் வித்தியாம்மா?” என்று கேட்டான்.

“உங்கள எவன் வாங்குவான்?” என்றாள் அம்மா.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! பாவாடைச் சுருட்டை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓடி, தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“அம்மா, சோறு!”

போட்டதைத் தின்றேன். அப்புறம், தெருவுக்கே கேட்கும்படி, “இன்னும் கொஞ்சம்” என்றேன்.