கரிச்சூளையில் குளித்த நாள்

அதைக் குளியல் என்று சொல்லலாமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். முதல் அரை மணி நேரம் தண்ணீரே கிடையாது. கரி எடுத்து முடித்த சூளை ஒன்று, அதன் சுவர்களில் ஆறாத சூடு, உள்ளே நானும் ஒரு கொரியாக்காரனும். ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காவில் செங் பக்கம், ஒரு முற்பகல் வேளை.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு. காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் தனியாக இருந்தேன். தனியாக என்றால், இரண்டாவது பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்திவிட்டு, அதன் பக்கம் திரும்பாமல் படுக்கிற தனி. அந்தப் பாய் அண்ணனுடையது. சயாமில் ரயில் பாதை போட வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று வந்தவர்கள் என் பேரைத்தான் எழுதினார்கள். அண்ணன்தான் குறுக்கே வந்தான்.

"உனக்கு மம்மட்டி பிடிக்கத் தெரியுமாடா? மூணு மாசம்தானே. நான் போய்ட்டு வரேன், நீ வீட்டைப் பாத்துக்க."

சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினான். மூன்று மாதம் முடிந்தது. இன்னொரு மூன்று மாதமும் முடிந்தது. பிறகு நான் மாதங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கடிதம் இல்லை, போனவர்களில் திரும்பி வந்தவர் என்று என் கண்ணில் ஒருவரும் படவில்லை. எனக்கு உலகத்தில் ஒரே ஒரு செய்திதான் வேண்டியிருந்தது. இருக்கிறானா, இல்லையா.

அதைப் பேசவும் ஆள் இல்லை. அக்கம்பக்கம் எல்லாம் மலாக்கா செட்டிகள். நெற்றியில் விபூதி, வாசலில் மாவிலை, கும்பிடுகிற சாமியும் எங்கள் சாமி. பேச்சு மட்டும் மலாய். பக்கத்து வீட்டு பீபி வேலிக்கு மேலே அவித்த மரவள்ளியை நீட்டி, "மாக்கான், மாக்கான்," என்று என்னைச் சாப்பிடச் சொல்வாள். நல்ல மனுஷி. ஆனால் என் வாயில் தமிழ் வந்து வாரக்கணக்காகும். சில சாயங்காலங்களில் "அண்ணே" என்று சும்மா சொல்லிப் பார்ப்பேன், அந்தச் சொல் துருப்பிடித்துவிட்டதா என்று.

தெங்கேராவில் கடலோரத்துப் பங்களா ஒன்றை ஜப்பான் அதிகாரிகள் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தினமும் கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்தாக வேண்டும். அந்த வெந்நீருக்கு விறகு பிளக்கிறவன் நான். அடுப்பு எரிக்கிறவன் கொரியாக்காரன். உடுப்பு ஜப்பான் உடுப்புதான், ஆனால் எங்களை அறைகிற கை அவனையும் அறைந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆளுக்குக் கொஞ்சம் அரைகுறை மலாய். ஒருமுறை அவனை, துரை என்கிற அர்த்தத்தில், "துவான்" என்று கூப்பிட்டுவிட்டேன். சுற்றும்முற்றும் பார்த்தான்.

"துவானெல்லாம் வேண்டாம். யார் காதிலாவது விழுந்தா எனக்கு ரெண்டு கூட விழும்."

அவன் மலேரியாவோடு சயாமிலிருந்து அனுப்பப்பட்டவன், அங்கே ரயில் பாதையில் காவல் நின்றவன் என்று பங்களாச் சமையற்காரர்தான் சொன்னார். அன்று முழுக்க கோடாலி என் கையில் நிற்கவில்லை. பத்தடி தூரத்தில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடுப்பை ஊதுகிறான், எனக்கு வேண்டிய செய்தியை ஒருவேளை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு. கேட்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். அந்தப் பயத்தில் நாட்கள் போயின. விறகை மட்டும் தேவைக்கு மேல் பிளந்து அடுக்கினேன்.

சமையலுக்குக் கரி தீர்ந்த ஒரு நாள் எங்கள் இருவரையும் கைவண்டியோடு செங் சூளைக்கு அனுப்பினார்கள். கவிழ்த்துவைத்த பெரிய பானை மாதிரி மண்சூளை, குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு வாய். சூளைக்காரச் சீனர் கரியை வெளியே கொட்டி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கொரியாக்காரன் சூளையின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தான். அந்த முகத்தில் அப்படி ஒரு மாற்றத்தை நான் அதுவரை கண்டதில்லை.

"எங்க ஊர்ல இப்படி ஒண்ணு இருக்கு. விறகு எரிச்சு, நெருப்பை வாரிட்டு, ஆளுங்க உள்ள போவோம். பனி எலும்பை விட்டு எறங்கும்."

சொல்லிவிட்டு உடுப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். சட்டை, கால்சட்டை, எல்லாம். சீனர் மூட்டையை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ரெண்டு பேரும் வெந்ததும் குரல் கொடுங்க. தொட்டுக்கக் கிச்சாப் எடுத்து வைக்கிறேன்."

நான் கோவணத்தோடு நின்றேன். அதற்குமேல் என்னால் முடியாது. எங்களில் ஆண்பிள்ளை அண்ணன் தம்பி முன்னால்கூட அதை அவிழ்ப்பதில்லை. அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, சிரித்து, நனைத்த சாக்கு ஒன்றை என் மேல் எறிந்து உள்ளே இழுத்தான்.

முதல் மூச்சு மூக்கைச் சுட்டது. இருட்டு, மண்வாசனை, புகையின் மிச்சம். நாலாபக்கமும் சுவர் நம்மைப் பார்த்து மூச்சுவிடுகிற மாதிரி ஒரு சூடு. வெளியே ஓடிவிடலாம் என்று எழுந்தேன், அவன் முழங்காலைத் தட்டி உட்காரவைத்தான். கொஞ்ச நேரத்தில் நெற்றி வியர்த்தது. கழுத்து, மார்பு, முதுகு என்று உடம்பெல்லாம் ஊற்றெடுத்தது. பல மாதங்களாக அழாமல் வைத்திருந்ததெல்லாம் தோல் வழியாகக் கிளம்பிவிட்டதோ என்று தோன்றியது. பேச மொழி தேவைப்படாத இடமாக இருந்தது அது. ஓர் ஆள் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருக்கிறான், அவன் மூச்சு கேட்கிறது, அது போதும் என்று இருந்தது.

வெளியே வந்ததும் கிணற்றடிக்குக் கூட்டிப்போனான். என்னைக் குந்தவைத்து, சாக்குத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு முதுகைத் தேய்க்க ஆரம்பித்தான். தேய்ப்பதா அது! தோலை உரிக்கிறானோ என்று கத்தினேன். "பொறு, பொறு," என்று தோளை அமுக்கிக்கொண்டு தேய்த்தான். சாம்பல் நிறத்தில் திரிதிரியாக அழுக்கு உருண்டு விழுந்தது. சவுக்காரம் கிடைக்காத காலம், தினமும் குளித்தும் இவ்வளவா என்று கூசியது. அவன் ஒரு திரியை எடுத்து என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "விறகு!" என்றான். இருவரும் சிரித்தோம். அண்ணன் போனபிறகு ஒரு மனிதக் கை என் முதுகில் படுவது அதுதான் முதல் தடவை. அறைகிற கைகளைச் சேர்க்கவில்லை.

இடுப்புக்கு வந்ததும் கை நின்றது. அரைஞாண் கயிற்றை விரலால் தூக்கிப் பார்த்தான். சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சயாம்ல எல்லார்க்கும் இது இருந்துச்சு," என்றான். "சட்டை இல்ல, துணி இல்ல, ஒண்ணும் இல்ல. இது மட்டும் இருந்துச்சு. குழியிலயும்."

எங்களில் ஆள் செத்தால் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அறுக்க வீட்டாள் ஒருவன் வேண்டும்.

நான் திரும்பாமலே கேட்டேன். திரும்பியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

"என் அண்ணன் அங்கதான். என்னைவிட உயரம். முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும். சிரிச்சா கையால மூடிக்குவான்."

அவன் சாக்குத்துணியை நீரில் அலசினான். பிழிந்தான். மறுபடி அலசினான்.

"அங்க யாரும் சிரிக்கல," என்றான்.

பிறகு, "கோலேரா, வாந்திபேதி. நிறையப் பேர். எனக்குப் பேர் தெரியாது," என்றான். வாளியைத் தூக்கி என் தலைக்கு மேல் கொண்டுவந்தான்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாவுச் செய்தி காதில் விழுந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எந்த ஊரில் இருந்தாலும், எத்தனை நாள் பிந்தி வந்தாலும். ஊற்றிக்கொண்டால் அந்தச் செய்தியை ஏற்றுக்கொண்டதாக ஆகிறது. அவனுக்கு இது எங்கே தெரியும்? தண்ணீர் சில்லென்று இருப்பதால் பயப்படுகிறேன் என்று நினைத்தான். தன் தலையில் கொஞ்சம் ஊற்றிக் காட்டினான். "பார், ஒண்ணும் செய்யாது. சின்னப் பிள்ளையா நீ?" என்றான்.

"உடம்புக்கு ஊற்று. தலைக்கு வேண்டாம்."

"தலையெல்லாம் கரி."

"இருக்கட்டும்."

அவன் வாளியை இறக்கினான். தோளில் ஊற்றினான், மெதுவாக, ஓசையில்லாமல். அந்தக் கை சயாமில் என்னென்ன செய்தது என்று நான் கேட்கவில்லை. தடி பிடித்ததா, குழி வெட்டச் சொன்னதா? கேட்கவேண்டிய கேள்வி ஒன்றைக் கேட்டதிலேயே எனக்குத் தெம்பு தீர்ந்துபோயிருந்தது. திரும்பும் வழியெல்லாம் வண்டியை இழுத்தோம், சக்கரம் மட்டும் பேசிக்கொண்டு வந்தது. சில நாட்களில் அவனை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. வெந்நீர் அடுப்புக்கு வேறொருவன் வந்தான், எனக்கும் பத்து பெரெண்டாம் என்கிற ஊரில் மரவள்ளி நடுகிற வேலைக்குச் சீட்டு வந்தது.

அதன்பிறகு நான் கழுத்துக்குக் கீழேதான் குளித்தேன். தலை தவிர எல்லாம் சுத்தமான ஒரு மனிதன். பேன் விழுந்தது. முடி சடையாயிற்று. பீபி வேலிக்கு மேலே பார்த்துத் தலையில் புண்ணா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். ஆறாத புண்ணா என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். தேங்காய் எண்ணெயில் வேப்பிலை காய்ச்சிக் கொடுத்தாள். அதையும் தொடவில்லை. அவன் தெரியாது என்றுதானே சொன்னான்? தெரியாது என்பது இல்லை என்பது ஆகுமா? தினமும் விடிந்ததிலிருந்து இந்த வழக்கைத்தான் எனக்குள் நடத்தினேன், இரண்டு பக்கத்துக்கும் நானே பேசி.

ஒரு மத்தியானம் மரவள்ளிக் காட்டில் நாங்கள் வரிசையாகக் குனிந்திருந்தபோது, கடல் பக்கமிருந்து மழை வந்தது. எல்லோரும் மம்மட்டியைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார்கள். நானும் இரண்டடி ஓடினேன். தலையைக் கையால் மூடிக்கொண்டு. அப்படியே நின்றேன்.

எவ்வளவு நாள் இந்தத் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது? அவன் அங்கே கயிறோடு கிடக்கிறான். எனக்காகப் போனவன். அவனுக்கென்று ஊற்ற ஒரு சொம்புத் தண்ணீர் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, அதையும் நான் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

கைகளை இறக்கினேன்.

கொட்டகையிலிருந்து தோட்டத்துக்காரர் ஒருவர் தமிழில் கத்தினார், "தம்பி, ஏம்பா நிக்கிற? தலை நனையுது பாரு, காய்ச்சல் வந்துரும்!"

"நனையட்டும்ண்ணே," என்றேன். "எங்க அண்ணன் செத்துப் போச்சு."