எட்டாமல் போன எட்டு மீட்டர்

ஆன்டெனா கட்டுபவனுக்குக் கூரை ஏறுவது பெரிய கஷ்டமில்லை. இறங்கி வந்த பிறகு மிஞ்சிக் கிடக்கும் கேபிளை என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கும் அந்த வலி தெரிந்திருக்கும்.

சுருட்டி வைத்தேன்

ஆயர் குரோவில் ஒரு தாமான் குடியிருப்பு வீடு. ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் செல்வம், உரிமம் எடுத்து ஹேம் ரேடியோவில் வெளியூர் நண்பர்களோடு பேசுகிறவர். கூரையிலிருந்து ரேடியோ வரை இழுத்த பிறகும் பதினைந்து மீட்டர் கேபிள் மிஞ்சியது. வெட்ட மனமில்லை. கையளவு வளையமாக இறுக்கிச் சுருட்டி சீலிங்குக்குள் தள்ளிவிட்டேன். கேபிள் நீள நீள சிக்னல் தேயும். இறுக்கி மடக்கினால் உள்ளே இருக்கும் கம்பியும் இடம் மாறும். தெரிந்தே செய்த சோம்பேறித்தனம். மறுநாளே போன் வந்தது.

"அண்ணே, பக்கத்துல ஜாசின்ல இருக்கிறவனுக்கே நான் பேசறது கேக்கலையாம். ஜன்னலத் தொறந்து கத்தியிருந்தா கேட்டிருக்கும்லா!"

அளந்து வெட்டினேன்

அந்த அவமானத்தில், இனி ஒரு சாண்கூட மிச்சம் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அடுத்த வேலை மெர்லிமாவில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஜோசப் அங்கிள் வீட்டில். மகள் மேரியோடு இருந்தார். ஞாயிறு காலை சர்ச்சிலிருந்து வந்ததும், தூரத்தில் தைப்பிங்கில் இருக்கும் நண்பர் மாணிக்கத்தோடு ரேடியோவில் பேசுவார்.

ரேடியோ மேல்மாடி அறையில் இருந்தது. "கொஞ்சம் விட்டு வைப்பா" என்றார். நான் பெரிய நிபுணன் மாதிரி விளக்கம் சொல்லிக்கொண்டே நறுக்கினேன்.

"சரிப்பா, எனக்கு மாடிப்படி ஏறத் தெம்பு இருக்கிற வரைக்கும் கவல இல்ல."

போய்ச் சேர்ந்தேன்

சில மாதம் கழித்து மேரி கூப்பிட்டார். அப்பாவுக்கு ஸ்ட்ரோக், வலது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலைக் கீழே ஹாலில் போட்டிருக்கிறார்கள்; ரேடியோவைக் கீழே இறக்கினால் கேபிள் எட்டு மீட்டர் போதவில்லை. "அடுத்த வாரம் வரேன்மா" என்றேன். தங்கா பத்துவில் வேலை இருந்தது. அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு நான் போனபோது, இரண்டாவது ஸ்ட்ரோக் வந்து அவருக்குப் பேச்சே போயிருந்தது. மேரி எனக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. புதுக் கேபிளைக் கட்டில் வரைக்கும் இழுத்து, இரண்டு வளையம் தளர்வாகவே விட்டேன்.

ரேடியோவைப் போட்டதும் மாணிக்கத்தின் குரல்: "ஜோசப்பு, இருக்கியா?" மேரி அவருக்குப் போனில் எல்லாம் சொல்லியிருந்தார், இருந்தும் அவர் வாராவாரம் ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அங்கிள் இடது கையால் மைக்கை வாங்கிப் பட்டனை அமுக்கினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பட்டனை விட்டால்தான் எதிர்க்குரல் கேட்கும், அவர் விடாமல் பிடித்திருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கை தளர்ந்ததும் இரைச்சல், பிறகு மாணிக்கம்.

"ஜோசப்பு, ஒன் மூச்சு கேக்குது. அது போதும்லா, இனி நான் பேசுறேன், நீ கேளு."

மிஞ்சிய கேபிளை என்ன செய்வதென்று இப்போது யார் கேட்டாலும், தளர்வாகச் சுற்றி விட்டு வை என்று சொல்லிவிடுவேன். "அடுத்த வாரம்" என்று சொல்லும் வாயைத்தான் இன்னும் அடக்கத் தெரியவில்லை.