செக்ரோலில் வெட்டிய பெயர்

என்னை மேடைக்கு அழைப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் அறிமுகம் செய்வார்கள்: முன்னாள் பங்க் பாடகர், இந்நாள் விரிவுரையாளர், நாவலாசிரியர். பிறகு இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று கேட்பார்கள். தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் என்பேன். கைதட்டுவார்கள்.

கேகாலைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அம்மா பால் வெட்டினார். நாங்கள் இருந்த லயத்துக் காம்பரா, வரிசை வீட்டில் ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தம்; வீட்டில் ஒருவருடைய பெயராவது செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவில், இருந்தால்தான் கேள்வி கேட்காமல் குடியிருக்க விடுவார்கள். அம்மாவுக்கு வேலை வயது முடிந்தபோது என் பெயரைக் கொடுத்தார். என் தங்கச்சிக்கு அப்போது பதினெட்டு வயது. அம்மாவுக்குத் துணையாகப் போய்ப் போய் என்னைவிட நன்றாகக் கத்தி பிடிப்பாள். ஆனால் அம்மா ஒரே பிடியாக நின்றார்.

"பொட்டப்புள்ள கட்டிக்கிட்டுப் போயிரும். ஆம்பளப் புள்ள பேருதான் நிக்கும்."

அந்த ஆம்பளப் பிள்ளையோ டவுனில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் மூன்று சிங்கள நண்பர்களோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். கிட்டாரில் எங்களுக்குத் தெரிந்தது மூன்று கோர்ட், மிச்சமெல்லாம் கோபம். முடியை முள்ளு முள்ளாக நிறுத்த ஜெல் வாங்க வழியில்லாமல் ஒருநாள் ரப்பர் பாலை எடுத்துத் தலையில் தடவினேன். பால் உறைந்தது. முடி நின்றது, பிறகு எதற்கும் மசியவில்லை. தங்கச்சிதான் கத்தரிக்கோலால் தலையோடு ஒட்ட வெட்டிவிட்டாள், மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சிரித்து.

அந்த மொட்டைத் தலையோடுதான் முதல் நாள் பெரட்டுக்குப் போனேன். காலையில் ஆள் பிரிக்கும் களம். கணக்கப்பிள்ளை என் பெயரை வாசித்தார். நான் வேலி ஓரம் நின்ற நாய்கள் குரைக்கும் அளவுக்குக் கத்தினேன்.

"என் பேர வெட்டுங்க! நான் ஒங்க ஆளு இல்ல!"

அவர் வெட்டினார். அதுவே எங்கள் முதல் பாட்டானது. கொழும்பில் பையன்கள் அதற்குக் குதித்தார்கள். பாட்டு ஓய்ந்த பிறகு அதையே எதிர்ப்பின் குரல் என்று ஆய்வேடாக எழுதி டாக்டர் ஆனேன். பிறகு நாவலின் முதல் அத்தியாயம் ஆக்கினேன். ஒரே ஒரு 'மாட்டேனை' மூன்று தரம் விற்றுச் சாப்பிட்டவன் நான்.

அம்மா இருந்தவரை காம்பராவை யாரும் கேட்கவில்லை. பிறகும் ஏதோ இரக்கத்தில் விட்டுவைத்தார்கள். தங்கச்சியைக் கட்டியவன் இரண்டு பிள்ளைகளோடு விட்டுவிட்டுப் போனான். அவள் இன்றும் கைக்காசு வேலைதான். ஆள் போதாமல் மரம் மிஞ்சும் நாளில் கூப்பிடுவார்கள், வெட்டிவிட்டு வருவாள். பெயர் எதிலும் ஏறாது.

இந்த மழைக்கு லயத்தின் பின்சுவர் பிளந்தது. அரநாயக்கவில் மலை சரிந்து ஊர் புதைந்ததிலிருந்து இங்கே யாரும் வெடிப்பைச் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. அதிகாரிகள் வந்து பார்த்து, பன்னிரண்டு காம்பராவும் எழும்பி வெளியேற வேண்டும் என்றார்கள். கீழே சமதரையில் புதுவீடு. பட்டியல் செக்ரோலைப் பார்த்து எழுதப்பட்டது. பதினொரு குடும்பம் இருந்தது. தங்கச்சி இல்லை.

"நீ வந்து தொரைகிட்ட இங்கிலீசுல பேசுண்ணே. ஒனக்குக் குடுப்பாங்க" என்று போன் செய்தாள். வெட்கம் என்னவென்றால், நானும் அதை நம்பினேன். நேர்முகப் பரீட்சைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

தோட்ட மேனேஜரான துரை எழுந்து கைகொடுத்தார். தேநீர் வந்தது. தங்கச்சி கதவோரம் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அலுமாரியில் என் நாவல் இருந்தது.

"முதல் அத்தியாயம் பிரமாதம், டாக்டர்" என்றார் சிங்களமும் இங்கிலீசும் கலந்து. "அந்தக் காலைக் காட்சியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்."

நான் சட்டம் பேசினேன், உரிமை பேசினேன், மண்ணைப் பற்றிப் பேசினேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். எதிர்த்தாலாவது சண்டை போடலாம். ஒப்புக்கொள்கிற மனிதனை என்ன செய்வது? பட்டியல் தலைமை அலுவலகத்துடையது என்றார். பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி விரித்துக் காட்டினார். என் பெயர்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில், 'சொந்த விருப்பில்'.

"இதை நாங்கள் செய்யவில்லையே" என்றார் மிக மெதுவாக.

அவர் பேனாவோடு நாவலை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். நன்றி என்றும் சொன்னேன்.

வெளியே மழை மறுபடி பிடித்திருந்தது. ஒரே குடையில் சரிவில் இறங்கினோம். என்னோடு கொழும்புக்கு வந்துவிடு என்றேன்.

"ரெண்டு ரூம் வீட்டுல நாங்க மூணு பேரும் எங்கண்ணே? புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இங்கதான்" என்றாள். அவளுக்கு என்மேல் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை.

பெரட்டுக்களத்தைத் தாண்டும்போது நின்றாள்.

"அன்னைக்கு நானும் அம்மாகூட இங்கதான்ணே நின்னேன். நீ கத்துனியே, அப்பவே சொன்னேன். அண்ணன் வராட்டி நான் வர்றேன், என் பேர எழுதுங்கய்யான்னு. ரெண்டு தரம் சொன்னேன். ஒன் சத்தத்துல கணக்கப்பிள்ளைக்குக் கேக்கல. மறுபடி சொல்ல வெக்கமா இருந்துச்சி."

சொல்லிவிட்டுக் குடையை என் பக்கம் சாய்த்துக்கொண்டு நடந்தாள்.

நாவலில் அந்த இடத்தில், 'களத்தில் வேறு யாரும் வாய் திறக்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது.