இடப்பக்கத்து விருந்தாளிகள்

காலை ஏழு மணியிருக்கும். குசினிக் கதவுக்கு வெளியே கதிரையைப் போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வலப்பக்க வாழைகளுக்குள் இருந்து கீரி வந்தது. தினமும் அந்த நேரத்துக்கு வருகிற கீரிதான். முற்றத்தைக் குறுக்கே கடந்து இடப்பக்கக் கிணற்றடிக்குப் போகும். அன்று பாதி முற்றம் வரை வந்தது. பிறகு இல்லை.

ஓடவும் இல்லை, பதுங்கவும் இல்லை. இருந்தது, இல்லாமல் போனது.

முற்றத்து நடுவில் கீரி எங்கோ வளை தோண்டிவிட்டது என்று நான் முடிவுகட்டினேன். மண்வெட்டியை எடுத்து இரண்டு நாள் நிலத்தைக் கொத்தினேன். மகள் வினோதா, படிப்பிக்கப் போக வெளிக்கிட்டு நின்றவள், என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னப்பா, புதையல் ஏதும் கிடக்கே?"

"கீரி உள்ளுக்கை போட்டுது பிள்ளை. வளையைத் தேடுறன்."

"நடு முற்றத்திலை கீரி வளை தோண்டுமே?"

நியாயமான கேள்வி. அன்றே நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். இதைப் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நோவு இல்லை, மயக்கம் இல்லை, கண் மங்கவும் இல்லை. அதனால்தான் ஏமாந்தேன். திடீரென்று ஏதாவது பாதியில் காணாமல் போனால், நிலத்தைக் கொத்தாமல் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

நான் மின்கம்பம் ஏறி வேலை செய்தவன். பறவை என்றால் கம்பியில் இருந்து எச்சமிடுவது என்ற அளவுதான் என் அறிவு. வீட்டு வளவுக்கு எந்தப் பறவை, எந்தப் பிராணி எப்போது வரும் என்பதெல்லாம் மனைவி யோகத்தின் கணக்கு. கடைசி மாதத்தில் படுக்கையில் கிடந்தபடி அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "உதுகளைக் கலைச்சுப்போடாதேங்கோ. நான் இல்லாட்டியும் வந்து போகட்டும்."

அவள் போனபிறகு கடமைக்குத்தான் அந்தக் கதிரையில் உட்காரத் தொடங்கினேன். சில மாதங்களில், புலுனிக் குருவிகள் ஏழெட்டாக வந்து சண்டை பிடிக்காவிட்டால் எனக்குத் தேத்தண்ணி இறங்காது என்று ஆகிவிட்டது. அந்த வாரம் ஏழெட்டு மூன்று நான்காகக் குறைந்தது. அணில் பாதிக் கொப்பில் மறைந்தது. இதுகள் என்னை விட்டுப் போகின்றன என்று நினைத்தேன். அவள் ஒப்படைத்த ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் சைக்கிளோடு எங்கள் வாசல் படலையின் இடப்பக்கத் தூணில் மோதி விழுந்தேன். முப்பது வருடமாக அதே இடத்தில் நிற்கிற தூண். வினோதா ஓட்டோ பிடித்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

வைத்தியர் இளம் பெண். எனக்கு நேரே உட்கார்ந்தார்.

"ஐயா, என்ரை மூக்கை மட்டும் பாருங்கோ. எத்தினை விரல் தெரியுது?"

"நீங்கள் இன்னும் கையைத் தூக்கேல்லையே."

அவர் வினோதாவைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கை என் இடப்பக்கத்தில் தூக்கியபடியே இருந்திருக்கிறது.

ஸ்கானில் (தலையின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் சோதனை) காரணம் தெரிந்தது. மூளையின் பின்புறத்தில் வலப்பக்கம் ஒரு சிறு பக்கவாதம் (இரத்தக் குழாய் அடைபட்டு மூளையின் ஒரு பகுதி பழுதாவது). கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை. இரண்டு கண்ணிலும் இடப்பாதிப் பார்வை மட்டும் போய்விட்டது.

"கண்ணிலை ஒரு பிழையும் இல்லை ஐயா. கண் பாக்குது. மூளை அதை வாங்குதில்லை."

எனக்கு விளங்கவில்லை. இருட்டாக இருந்தால் விளங்கியிருக்கும். உங்கள் பிடரிக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? எனக்கு இடப்பக்கம் அப்படி இருந்தது. ஒன்றுமே குறையாத மாதிரி. கீரி வந்ததா, போனதா, அந்த வாரம் நான் உண்மையில் எதைத்தான் பார்த்தேன் என்று வார்ட்டில் கிடந்து யோசித்து யோசித்துத் தலை கலங்கியதுதான் மிச்சம்.

இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசை, அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் நாளே சாப்பாட்டில் சண்டை. கத்தரிக்காய்க் கறி வைக்கவில்லை என்று கத்தினேன். வினோதா தட்டை மறுபக்கம் திருப்பி வைத்தாள். கறி இருந்தது. உங்கள் வீட்டிலும் யாராவது பாதித் தட்டை விட்டுவிட்டு இன்னும் கேட்டால் கோபிக்காதீர்கள்.

கிளினிக்கில் வைத்தியர் சொன்னார்: "கொஞ்சம் திரும்பி வரலாம். வராமலும் விடலாம். இனிக் கழுத்துத்தான் ஐயா உங்கடை கண். இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பாத்துப் பழகுங்கோ."

வைத்தியர் சொல்வது ஒன்று, உடம்பு செய்வது ஒன்று. இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கழுத்துக்கு எப்படித் தோன்றும்?

இரண்டு மாதத்தில் யோகத்தின் இரண்டாவது திவசம் வந்தது. படைத்தது எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, வாழையிலைத் துண்டில் வைத்துப் பின்மதிலில் காகத்துக்கு வைத்தேன். காகம் தொட்டபிறகுதான் வீட்டில் பந்தி. ஆட்கள் வந்தால் காகம் வெருளும் என்று எல்லோரையும் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் நின்றேன்.

கா, கா என்று கூப்பிட்டேன். வேலி முழுக்கக் காகச் சத்தம். இலைக்கு ஒன்றும் வரவில்லை. சோறு வைத்தபடியே கிடந்தது. ஒரு மணியாயிற்று, இரண்டாயிற்று. உள்ளே சொந்தக்காரர்கள் பசியில் குசுகுசுத்தார்கள். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் வெயிலில் நின்றபோது, அவள் என்னோடு கோபம் என்று உறுதியாகத் தோன்றியது. வந்து போனதுகளைக் கலைத்துவிட்டேன், அதனால் என் கையால் வாங்க மாட்டாள். கண்ணீர் வந்தது. துடைக்கவும் இல்லை.

வினோதா வந்தாள். "அப்பா, ஏன் இன்னும் நிக்கிறியள்? காகம் எப்பவோ திண்டிட்டுதே."

"பேய்க்கதை கதையாதை. சோறு அப்பிடியே கிடக்கு."

அவள் என் நாடியைப் பிடித்து முகத்தை இடப்பக்கம் திருப்பினாள். இலையின் மறுபாதி வழித்துத் துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. வடைத்துண்டையும் காணவில்லை. அந்தப் பாதியின் ஓரத்தில் ஒரு காகம் என்னைப் பார்த்தபடி நின்றது.

"உங்களுக்கு ஒரு முழத்திலை நிண்டுதான் திண்டிருக்கு," என்றாள் வினோதா.

அன்றிலிருந்துதான் கழுத்து திரும்பப் பழகியது. எதையும் இல்லை என்று சொல்லுமுன் ஒருமுறை திரும்ப வேண்டும். அதனால் என் நாள் நீண்டுவிட்டது. படலை தாண்டவே முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. உடம்பும் குழப்பமாகத்தான் இருக்கிறது. வலப்பக்கம் என் தோளோடு முடிகிறேன். இடப்பக்கம் நான் எங்கே முடிகிறேன், வளவு எங்கே தொடங்குகிறது என்று இன்னும் தெரியவில்லை. மாதங்கள் போய்விட்டன. பார்வை திரும்பவில்லை, இனித் திரும்பாது என்றே நினைக்கிறேன்.

போன கிழமை ஒரு காலை, குசினி யன்னலுக்குள் இருந்து வினோதாவின் குரல் மெல்லக் கேட்டது.

"அப்பா, அசையாதேங்கோ. உங்கடை இடப்பக்கம் செண்பகம் நிக்குது."

ஆளைக் கண்டாலே வேலிக்குள் மறைகிற பறவை அது. யோகம்கூட அதைத் தூரத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"எவ்வளவு தூரத்திலை?"

"கதிரைக் காலடியிலை. நத்தை ஒண்டைக் கொத்துது." பிறகு சொன்னாள்: "இப்ப எல்லாம் உந்தப் பக்கத்தாலைதான் வருகுதுகள் அப்பா. நீங்கள் பாக்காத பக்கம் எண்டு அதுகளுக்கு விளங்கிப்போச்சுதாக்கும்."

டொக், டொக் என்று ஓடு உடைகிற சத்தம் கேட்டது. வைத்தியர் சொன்னபடி கழுத்து தானாகவே இடப்பக்கம் திரும்ப முயன்றது. பிடித்து நிறுத்தினேன்.

இடது பாதத்தில் ஏதோ மெல்ல உரசியது. வாலாக இருக்கலாம்.

"என்ன செய்யுது பிள்ளை?"

"தின்னுது அப்பா. அவசரமே இல்லை."

நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன்.