ஏரியலை எதிர்மலைக்குத் திருப்பியவர்

செய்தி காலையில் வந்தது. தொழிற்சாலைக் காவலர் முனியாண்டி வாட்சாப்பில் குரல் அனுப்பியிருந்தார். "சார், நம்ம தங்கராஜ் கிராணி போய்ட்டாரு. நெஞ்சு வலின்னு சொல்லி, கார்ல ஏத்துறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." முனியாண்டி சொல்வதை அப்படியே நம்பும் வழக்கம் எனக்கில்லை. போன வருடம் உயிரோடிருந்த என்னையே மருத்துவமனையில் இறந்ததாகப் பரப்பியவர் அவர். வேறு இருவரை அழைத்து விசாரித்தேன். இருவரும் அதையே சொன்னார்கள். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தங்கராஜின் மகன் அஞ்சலியாக நாலு வரி எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார். நல்லதாக எழுதுங்கள் என்றார். தெரிந்ததை எழுதுகிறேன் என்றேன்.

தங்கராஜ் அவர்கள் எங்கள் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை, அதன்மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர். மழையைப் பற்றிப் பேசினாலும் குரலைத் தாழ்த்திப் பேசுவார். அதனாலேயே அவர் எதைச் சொன்னாலும் அதற்குள் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றும். அவருக்குக் கீழே நான் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். அலுவலகத்தில் பட்டம் பெற்றவன் நான் ஒருவன்தான். அவருக்குப் பிறகு அந்த நாற்காலி எனக்கென்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அவர் ஓய்வு பெறும் முன், தோட்ட மேலாளரான துரை அவரை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். தங்கராஜ் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் தாப்பா ஊரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து பெரிய கிராணியாக உட்கார வைத்தார்கள். உள்ளே என்ன பேசப்பட்டது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்று முதல் நான் தெரிந்துகொள்ள விரும்பியது அது ஒன்றைத்தான்.

சில ஆண்டுகள் கழித்து ஈப்போவில் பழைய ஹைஃபை வானொலி டியூனர் ஒன்று வாங்கினேன். வெள்ளி முகப்பு, அலைவரிசை காட்டும் முள், நல்ல கனம். வீட்டில் வைத்தால் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. வானொலிக் கோபுரம் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான், ஆனால் இடையில் மலைமுகடு. இதை நான் தங்கராஜ் அவர்களிடம் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, அலை பிடிக்கும் ஏரியல் ஒன்றையும் கம்பிச் சுருளையும் தூக்கிக்கொண்டு அவரே வந்து நின்றார். யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தபடியே கதவைத் திறந்தேன்.

"நீ கூரைக்கு ஏறு தம்பி. நான் உள்ள நின்னு முள்ளப் பாத்துச் சொல்றேன்."

ஈரமான தகரக் கூரையில் நான், என் வீட்டுக் கூடத்தில் அவர். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. கோபுரம் இருக்கும் திசைக்கு ஏரியலைத் திருப்பினேன். உள்ளிருந்து குரல் வந்தது.

"அங்க இல்லலா. எதிர்மலைக்குத் திருப்பு."

"கோபுரம் பின்னாலதானே இருக்கு, கிராணி?"

"இருக்கட்டும். முகட்டுல தடுக்குது. எதிர்மலையில பட்டுத் திரும்பி வர்றதப் புடி. டிகிரி படிச்சவன்தானே, திருப்பு."

திருப்பினேன். தமிழ் வானொலி கணீரென்று எடுத்தது. மற்ற நிலையங்கள் ஒன்றுகூட ஒழுங்காக எடுக்கவில்லை. நான் கேட்க விரும்பியவை அந்த மற்றவைதான். வேறு பக்கம் திருப்பிப் பார்க்கலாம் என்றதற்கு, "போதும் தம்பி, கிடைச்சத ஆட்டாத" என்று இறங்கச் சொன்னார்.

அவர் போன பிறகு மனைவி சொன்னாள்: "காப்பி குடிக்கறப்ப கேட்டாரு, 'பெரிய கிராணி வேல விஷயத்த இன்னும் பேசுறானா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"தெனமும்னு சொன்னேன்."

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். பழைய பாட்டுகள் முடியும்வரை இருந்தார். கண்ணை மூடித் தொடையில் மெல்லத் தாளம் போடுவார். மனச்சாட்சி உறுத்தி வருகிறார் என்று நினைத்தேன். என்னை வேவு பார்க்க வருகிறார் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் காப்பி கொடுத்தோம்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பாட்டின் நடுவில் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டேன். "துரைகிட்ட என்னப் பத்தி என்ன சொன்னீங்க?"

கண்ணைத் திறந்தார். அன்றைக்குக் குரலைத் தாழ்த்தவில்லை. "உன்னப் போட வேணாம்னு சொன்னேன். வேலக்காரன், கெட்டிக்காரன், ஆனா ஒருத்தனையும் நம்ப மாட்டான், இவன் கீழ யாரும் நிக்க மாட்டாங்கன்னு சொன்னேன்."

"அதுக்குத்தான் இந்த ஏரியலா? பரிகாரமா?"

"என்ன பரிகாரம்? எனக்குச் சரின்னு பட்டதச் சொன்னேன். என் வீடு லெம்பா பெர்த்தாம் பள்ளத்துல கெடக்கு, அங்க ஒரு பாட்டும் எடுக்காது. உன் வீடு மேட்டுல இருக்கு. அவ்ளோதான்லா."

அவர் சொன்ன காரணத்தை அன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் கதவைச் சாத்திப் பேசியவர்கள் எத்தனையோ பேர். பேசியதை என் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர் ஒருவர்தான். வருத்தம் தெரிவிப்பதுபோல் ஒரு சொல் சொல்லியிருந்தால் அதையும் சந்தேகித்திருப்பேன். அப்படிச் சந்தேகிக்கும் வேலையை அவர் எனக்கு வைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். நானும் கதவைத் திறந்தேன்.

சடங்கன்று வாய்க்கரிசி போடும் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் யாரோ, "இவரும் வந்துட்டாரா?" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கிராணியின் முகத்தில் புதிதாகச் சவரம் செய்திருந்தார்கள். அரிசியைப் போட்டேன். சவ வண்டி பெர்த்தாம் பள்ளத்திலிருந்து மேடேறி, காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளைத் தாண்டி, ரிங்லெட் பக்கம் திரும்பும்வரை சாலையோரம் நின்றேன்.

போய் வாருங்கள், கிராணி. உங்கள்மேல் எனக்கிருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது. கோபம் தீரவில்லை. அதைத் தீர்த்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் கேட்கவும் இல்லை.