ஐந்தரைப் பெட்டி தூரம்

எங்கள் அத்தானுக்கு ரயிலில் கார்டு வேலை. கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டி விசில் ஊதுகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே பழக்கம்: எல்லாரும் ஏறியாச்சா, கதவு சாத்தியாச்சா, சிக்னல் விழுந்தாச்சா, ஊது. வீட்டிலும் அப்படித்தான். குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் வாசலில் நின்று தலைகளை எண்ணி அவர் "ரைட்" சொன்ன பிறகுதான் அக்காவே படியிறங்கலாம். நல்ல மனுஷன், தொண்டைதான் பெரிசு. அவர் போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்குப் போனே தேவையில்லை.

அந்தப் பழக்கம்தான் போன வருஷம் மகளின் ஓட்டப் பந்தயத்தில் மானத்தை வாங்கியது. நானூறு மீட்டர். எட்டுப் பெண்கள் கோட்டில் குனிந்து நின்றார்கள். துப்பாக்கிக்காரர் கையை உயர்த்தினார். மைதானமே மூச்சுவிடாமல் இருந்தது. டியூட்டி முடிந்து நேரே வந்திருந்த அத்தானுக்கு என்ன தோன்றியதோ, சட்டைப்பையிலிருந்த விசிலை எடுத்து ஊதிவிட்டார். எட்டுப் பேரும் பாய்ந்துவிட்டார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு நிறுத்துவதற்குள் ஒரே அமளி. மறுபடி ஓடியபோது எங்கள் பெண் ஏழாவதாக வந்தாள். "எல்லாம் ரெடியா இருந்துச்சும்மா, கை தானாப் போயிடுச்சு" என்று கெஞ்சிப் பார்த்தார். மூன்று நாள் அவள் அவரோடு பேசவில்லை.

இந்த வருஷம் தேர்வுப் பந்தயம். முதல் இரண்டு பேருக்குத்தான் மாவட்ட அணியில் இடம், அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். சாப்பாட்டு மேஜையில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, கிளம்புற இடத்துக்கு நீங்க வரக் கூடாது. எதிர்ப்பக்கம் ஒரு காலரி இருக்குல்ல, அங்க போய் உட்காருங்க."

"அங்கேருந்து பார்த்தா நீ எறும்பாத் தெரிவியேம்மா."

"தெரியட்டும்."

அவள் எழுந்து போன பிறகு அத்தானின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மகள் ஓடுவதைப் பார்ப்பதைவிட அவருக்கு உலகத்தில் வேறு சுகம் கிடையாது. மறுநாளே மைதானத்துக்குப் போய் நடந்து அளந்துவிட்டு வந்தார். "அஞ்சரைப் பெட்டி தூரம்" என்றார். எதையும் ரயில் பெட்டிக் கணக்கில்தான் அளப்பார். கல்யாணமான புதிதில் வாங்கிய பிலிம் கேமரா ஒன்று அலமாரியில் இருந்தது. அதை எடுத்துத் துடைத்தார்.

"இதுக்கு ஒரு பழைய லென்ஸ் வாங்கணும். தூரத்துல இருக்கறதைக் கிட்ட இழுத்துக் காட்டறது. நீயும் வா."

"எனக்கு என்ன தெரியும் அத்தான்?"

"மூக்குக்கண்ணாடிக் கடையிலதானே வேலை பார்க்கறே? லென்ஸ்னா லென்ஸ்தானே!"

இந்த அறிவாளித்தனத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது? போனேன்.

பேனாக் கடைக்கு மேல் மாடியில் பழைய கேமராக் கடை. கடைக்காரர் மேஜையில் துணியை விரித்து வரிசையாக எடுத்து வைத்தார். முதலில் நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். கைக்கு அடக்கம், சுத்தமான கண்ணாடி. அத்தான் அதைக் கேமராவில் திருகி, ஜன்னல் வழியாகத் தெருக்கோடி பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார்.

"எறும்பு கட்டெறும்பு ஆயிருக்கு, அவ்வளவுதான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து ஐந்நூறு. குட்டையாக, குண்டாக, உள்ளே முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஒன்று வைத்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் மீசையே தெரிகிறதென்று அத்தான் துள்ளினார். கடைக்காரர் நேர்மையானவர், சாயங்காலம் ஓட்டப் பந்தயம் எடுக்க என்று கேட்டதும் தலையை ஆட்டினார். "சாயங்கால வெளிச்சத்துக்கு இது தாங்காது சார். ஓடுற ஆளை எடுத்தா இழுவிவிட்ட மாதிரி விழும்" என்றார்.

மூன்றாவது முந்நூறு. என்னைவிட வயதில் மூத்தது, இரும்புக் குழாய் மாதிரி கனம். இங்கேதான் என் வேலை கைகொடுத்தது. விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தேன். உள் ஓரத்தில் நூல் நூலாகப் பூஞ்சை.

"இது வேண்டாம். இதே அளவுல வேற இருக்கா?"

கடைக்காரர் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து இன்னொன்று கொண்டுவந்தார். கண்ணாடியில் குறையில்லை. படத்தைத் தெளிவாக்கச் சுற்றும் வளையம் மட்டும் லேசாக இறுக்கம். அத்தான் தூக்கிப் பார்த்தார். கனத்தில் கை கீழே சரிந்தது.

"ரெண்டு கையாலயும் பிடிக்கணும் சார். அமுக்கறப்போ மூச்சை அடக்கிக்கணும். இல்லேன்னா படம் ஆடிடும்."

எனக்குச் சட்டென்று விஷயம் பிடிபட்டது. "அத்தான், இதேதான்! எடுங்க!"

"கனமா இருக்கேம்மா."

"இருக்கட்டுமே. ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு, மூச்சும் விட முடியாது. உங்களுக்குன்னே செஞ்சிருக்கான்!"

கடைக்காரருக்குப் புரியவில்லை. அத்தான் முதலில் சிரித்தார், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். "அவ ஓடறதைப் பார்த்தாப் போதும்மா. வாயைத் தைச்சுக்கறேன்" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மூன்று வாரம் பால்கனியில் பயிற்சி. காக்கையைக் குறிபார்த்து, மூச்சை அடக்கி, முகம் தக்காளியாகச் சிவந்து நிற்பார். எதிர்வீட்டு அம்மா அதைப் பார்த்துப் படாரென்று ஜன்னலைச் சாத்திவிட, அக்கா போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தாள்.

பந்தயத்தன்று அவர் சட்டைப்பையில் விசில் இல்லை என்று நானே சோதித்த பிறகுதான் எதிர்ப்பக்கக் காலரிக்கு அழைத்துப் போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்தோம். துப்பாக்கி வெடித்தது. அத்தான் சிலையாக நின்று படம் எடுத்தார். அஞ்சரைப் பெட்டி தூரத்திலிருந்து எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

ஆனால் ஓடுதடம் வட்டமாயிற்றே! இது எங்கள் இரண்டு மரமண்டைக்கும் தோன்றவே இல்லை. பாதி ஓட்டத்தில் எட்டுப் பேரும் எங்களுக்கு நேர் எதிரே வந்துவிட்டார்கள். அத்தான் வளையத்தைத் திருகு திருகென்று திருகினார், அவ்வளவு கிட்டத்தில் அந்த லென்ஸில் கலர் கலராகப் புகைதான் தெரிந்திருக்கும். கேமராவை இறக்கினார். பத்தடி தூரத்தில் மகள். நாலாவதாக வந்துகொண்டிருந்தாள். வாய் பிளந்து, கால் கனத்து, எங்கள் பக்கம் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். அத்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் நிறைய நீரோடு, சத்தமே இல்லாமல் நின்றார். அவள் கடந்து போய்விட்டாள்.

கடைசி வளைவில் ஒருத்தியைத் தாண்டினாள். கோட்டுக்கு முன்னால் இன்னொருத்தியை. இரண்டாவது! நான் கத்திய கத்தில் எனக்கே காது அடைத்தது. அத்தான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. முடிவுக் கோட்டைப் படம் எடுக்கவும் மறந்துவிட்டார்.

ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, புல்வெளியைக் குறுக்கே கடந்து நேரே எங்களிடம்தான் வந்தாள்.

"நான் மூச்சே விடலைம்மா" என்றார் அத்தான், திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவர் போல. "வேணும்னா சித்தியைக் கேளு."

"அதான் ஏன்னு கேட்கறேன்."

"நீதானேம்மா..."

"கிளம்புற இடத்துலதான் வேண்டாம்னேன். இந்தக் காலரியை எதுக்குச் சொன்னேன்னு நினைச்சீங்க? இங்க வர்றப்போதான் எனக்கு மூச்சு வாங்கும், கால் இழுக்கும். உங்க சத்தம் கேட்டா ஓடிடலாம்னுதான் இங்க உட்காரச் சொன்னேன். திரும்பிப் பார்க்கறேன், வாயை மூடிட்டு நிக்கறீங்க. உடம்புக்கு என்னமோ ஏதோன்னு பயந்துபோய் ஓடினேன்பா."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கேமராவை லென்ஸோடு என் மடியில் வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து அழுதார். அழுகையை அடக்கிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை, மைதானத்தின் மறுகோடியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். சத்தம் போடாதீங்கப்பா என்று அவள் சொல்லவில்லை.