சூசை சொன்ன பதினைந்து நாள்

சூசைராஜ் செத்துப்போனான். நேற்றுக் காலை, ஆஸ்பத்திரியில். நெஞ்சு வலி என்று சேர்த்து இரண்டே நாள்.

கும்பகோணத்தில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அவனைத் தெரியாமல் இருக்காது. தாராசுரம் ரோட்டில் வீட்டின் முன்பக்கத்தையே வண்ணமீன் கடையாக்கியிருந்தவன். என்னோடு பி.எஸ்சி. விலங்கியல் படித்தவன். நான் வாத்தியாரானேன், அவன் மீன் விற்றான்.

காலேஜ் குரூப்பில் "தங்கமான மனுஷன்" என்று போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் அதை எழுதப்போவதில்லை. ஐந்து வருடமாக அவனோடு எனக்குப் பேச்சில்லை.

வேலை தெரிந்தவன். அதை மறுக்க மாட்டேன்.

ஒருமுறை என் கோல்ட் ஃபிஷ்ஷின் விலாவில் நூல் மாதிரி ஏதோ தொங்கியது. நங்கூரப் புழு. சூசை வீட்டுக்கே வந்தான். என் மனைவி புருவம் திருத்தும் பிளக்கரைக் கேட்டு வாங்கினான். மீனை ஈரத் துணியில் பிடித்துக்கொண்டு, புழுவின் தலை உள்ளே அறுந்துவிடாமல் மெல்ல இழுத்தான்.

"இந்தாங்க தங்கச்சி, டெட்டால்ல கழுவிட்டு யூஸ் பண்ணிக்குங்க."

"வேணாம்ணே. நீங்களே புருவம் எடுத்துக்குங்க" என்றாள். அந்தப் பிளக்கர் அதற்குப் பிறகு அவன் கல்லாவிலேயே கிடந்தது.

புது மீனைப் பதினான்கு நாள் தனியாக வைத்துப் பார்க்காமல் பழைய மீனோடு விடக் கூடாது என்பதை ஊருக்கெல்லாம் ஓதியவனும் அவன்தான்.

"பொண்ணு எடுக்கறதுன்னா நாலு எடத்துல விசாரிக்கிறீங்க. மீனை மட்டும் வாங்குன அன்னைக்கே தொட்டியில கொட்டிர்றீங்க" என்று கஸ்டமர்களைத் திட்டுவான். வெண்புள்ளி நோய்க்கு மருந்து கேட்டு வருகிறவர்களிடம், "புள்ளி மறைஞ்சிருச்சுன்னு மருந்த நிறுத்திறாதீங்க. அது மீனை விட்டு எறங்கி, அடியில குட்டி போட்டுக்கிட்டு இருக்கும்" என்பான்.

அப்படிப்பட்டவன்...

என் மகன் பிரவீண் வளர்த்த ஏஞ்சல் மீன்கள் ஏழு இருந்தன. தொட்டிச் செடியின் இலையில் இட்ட முட்டையிலிருந்து அவன் காப்பாற்றி எடுத்தவை. ஜெர்மனிக்குப் படிக்கப் போகும்போது என்னிடம் விட்டுப்போனான். வீடியோ காலில் முதலில் தொட்டியைக் காட்டச் சொல்வான். என் முகம் அப்புறம்தான்.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வந்த வாரம், சூசையிடம் ஆறு கோரி மீன் வாங்கினேன். தொட்டியின் அடியில் மேய்கிற சின்ன மீன்.

"வந்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன்.

"பதினஞ்சு நாளாச்சு மாப்ள. நேரா தொட்டியில விடு. எங்கிட்டயே கேக்குற பாரு."

புது மீனைத் தனியாக வைக்க என் வீட்டில் ஒரு டப் இருந்தது. அவன் வார்த்தையை நம்பி அதை எடுக்கவே இல்லை.

நான்காம் நாள் ஒரு ஏஞ்சலின் வாலில் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் எல்லாவற்றிலும். கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டன, பிறகு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

மருந்து வாங்கக் கடைக்கு ஓடினேன். அவன் இல்லை. அவன் மனைவி ஸ்டெல்லா இருந்தாள்.

"அந்தக் கோரியாண்ணே? அது அன்னைக்குக் காலையிலதானே பஸ் பார்சல்ல வந்துச்சு. பிரிச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போதே நீங்க வந்துட்டீங்களே."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஹீட்டரை முப்பதில் வைத்தேன், மருந்து விட்டேன், தண்ணீர் மாற்றினேன். ஒன்பது நாளில் ஏழும் போய்விட்டன.

திரும்பப் போய்க் கேட்டேன். கடையில் இரண்டு கஸ்டமர்கள் நின்றார்கள்.

"ஆத்துல புதுத் தண்ணி வந்துருக்கு மாப்ள. ஊரு பூரா தண்ணி கலங்கிக் கெடக்கு. உன் வீட்டுத் தண்ணியப் பாரு மொதல்ல. எங்கடையக் குத்தம் சொல்லாத."

வெண்புள்ளி ஒட்டுண்ணி காவிரியில் மிதந்து வந்து என் வீட்டு மோட்டாரில் ஏறியதாம். என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து விலங்கியல் படித்தவன் சொல்கிறான். என்னிடம்.

"ஆமாண்டா, பொய் சொல்லிட்டேன்." இவ்வளவுதான் வேண்டியிருந்தது எனக்கு.

பிரவீணிடம் கரண்ட் போய்விட்டது, மீன் தாங்கவில்லை என்று சொன்னேன். நண்பன் ஏமாற்றினான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் தொட்டியைக் காட்டச் சொல்வதில்லை.

நேற்று போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன்... போனேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியதும் ஸ்டெல்லா கூப்பிட்டாள். "அண்ணே, கடையில மூலையில ஒரு தொட்டி தனியா இருக்கு. மூணு நாளா யாரும் பாக்கல. கொஞ்சம் பாத்துருங்க."

தனித் தொட்டி. அதற்கென்று தனி வலை, தனி டியூப். உள்ளே பத்துப் பன்னிரண்டு மோலி மீன்கள். கண்ணாடியில் மார்க்கரால் வந்த தேதி. அவன் கையெழுத்து.

"ஒங்க மீனு செத்ததுலேருந்து இப்புடித்தாண்ணே. எவ்வளவு அவசரம்னாலும் பதினாலு நாள் முடியாமக் குடுக்க மாட்டாரு. 'கேசவன்ட்ட சொன்ன பொய்யே போதும்'பாரு."

"யார்ட்ட சொல்லுவான்?"

"கேக்குற எல்லார்ட்டயும்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"ஒங்க மூஞ்சில முழிக்க முடியாதுன்னாருண்ணே."

கடையிலிருந்து என் வீடு சைக்கிளில் ஐந்து நிமிடம். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ஒப்புக்கொண்டிருக்கிறான். என்னிடம் மட்டும் இல்லை. இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

தொட்டியை உற்றுப் பார்த்தேன். ஒரு மோலி கண்ணாடியில் உரசிக்கொண்டிருந்தது. வாலில் மூன்று புள்ளிகள்.

ஸ்டெல்லாவிடம் கல்லுப்பு வாங்கிக் கரைத்து ஊற்றினேன். ஹீட்டரை ஏற்றினேன். அவன் எழுதிய தேதியை ஈரத் துணியால் அழித்துவிட்டு, அன்றைய தேதியைப் போட்டேன். இனி அங்கிருந்துதான் எண்ண வேண்டும்.

தினமும் போய்ப் பார்க்கப்போகிறேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் கமெண்டில் எழுத வேண்டாம்.

போடா சூசை.